எத்தனை சவுண்ட் என்று பார்த்து சிந்தசைசர் வாங்காதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சின்னதாக, கையைக் கடிக்காத விலையில் ஒரு சிந்தசைசர் வாங்க நினைப்பவர்களுக்காக உங்கள் வார இணைப்பில் ஒரு குறிப்பு வந்திருந்தது. இந்த மாதிரி விஷயத்துக்குத் தமிழ்ப் பத்திரிகையில் இடம் கிடைப்பதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் சொன்ன இரண்டு யோசனையுமே எனக்குச் சரியாகப் படவில்லை. அதிக சவுண்ட் இருக்கிற மாடலாகப் பாருங்கள் என்பது ஒன்று. அனலாக் (ஓசையை டிஜிட்டல் கணக்கில் இல்லாமல் மின் சர்க்யூட்டிலேயே உண்டாக்குவது) என்று எழுதியிருந்தால் தைரியமாக வாங்கலாம் என்பது இன்னொன்று. முதன்முதலாக வாங்குகிற ஒருவர் இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு கிளம்பினால் அந்தப் பெட்டி சீக்கிரமே பரண் ஏறிவிடும். அதனால்தான் எழுதுகிறேன், நீளமாகப் போய்விட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நாம் பொதுவாகக் கீபோர்டு என்று சொல்கிற கருவி, வயலின், புல்லாங்குழல், பியானோ என்று ஏற்கெனவே தயாராக வைத்திருக்கும் ஓசைகளை பட்டனைத் தட்டியதும் எடுத்துக் கொடுக்கிறது. அதில் எத்தனை டோன் இருக்கிறது என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. சிந்தசைசரை வாங்குவது ஓசையை அடியிலிருந்து நாமே செய்து பார்க்க. அங்கே போய் ப்ரீசெட் (கம்பெனியே செய்து உள்ளே வைத்திருக்கும் சவுண்ட்) எண்ணிக்கையை முதல் கேள்வியாக வைத்தால், எதற்காக வாங்குகிறோமோ அதையே ஓரமாக வைத்துவிட்டு மற்றதைப் பேசுகிறோம் என்றுதான் அர்த்தம்.

இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே நடப்பது ஒன்றும் மந்திரம் இல்லை. ஆஸிலேட்டர் ஒரு மூல அலையை உண்டாக்குகிறது. ரம்பப்பல் வடிவ அலையாக இருந்தால் எல்லா ஹார்மோனிக்ஸும் (மூல ஸ்வரத்தின் மடங்குகளாக மேலே சேர்ந்து ஒலிக்கும் அதிர்வுகள்) அதில் இருக்கும், காதுக்குக் கூர்மையாகக் கேட்கும். சதுர அலையில் ஒற்றைப்படை ஹார்மோனிக்ஸ் மட்டும்தான், அதனால் கொஞ்சம் உள்ளீடற்ற, மரக்குழாய் மாதிரியான தொனி வரும். அடுத்து ஃபில்டர், மேலே இருக்கிற ஹார்மோனிக்ஸை வெட்டி ஓசையை மழுக்குகிறது. ஓசை எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எப்படி இறங்க வேண்டும், கட்டையை அழுத்திக்கொண்டிருக்கும்போது எந்த அளவில் நிற்க வேண்டும், விட்டதும் எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்பதை என்வலப் பார்த்துக்கொள்கிறது. அட்டாக், டிகே, சஸ்டெய்ன், ரிலீஸ் என்பார்கள். எல்எஃப்ஓ என்பது மெதுவாக ஏறி இறங்கும் இன்னொரு அலை. அதுவே நேராகக் காதுக்கு வருவதில்லை, ஸ்ருதியையோ ஃபில்டரையோ பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். இந்த நாலு விஷயமும் கைக்குப் பழகிவிட்டால் எந்தக் கம்பெனியின் சிந்தசைசர் முன்னாலும் தயங்காமல் உட்காரலாம்.

கைக்குப் பழகுவது என்றால் குமிழைத் திருப்பியதும் காதில் மாற்றம் தெரிய வேண்டும். ஃபில்டர் எங்கே வெட்ட ஆரம்பிக்கிறது என்கிற கட்ஆஃபுக்கு ஒரு குமிழ், அந்த இடத்தைத் தூக்கிக் காட்டுகிற ரெசனன்ஸுக்கு ஒரு குமிழ், அட்டாக்குக்கு ஒன்று என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக வெளியே இருக்கிற கருவியில் இது தானாக நடக்கும். ஒரே குமிழ், குட்டித் திரை, அதற்குள் மெனு, மெனுவுக்குள் இன்னொரு மெனு என்று இருந்தால், எவ்வளவு சக்தி வாய்ந்த கருவியாக இருந்தாலும் புதியவர் ப்ரீசெட்டை மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

இது என் தனிப்பட்ட எரிச்சல் மட்டுமில்லை, சிந்தசைசர் வரலாறே இதைத்தான் காட்டுகிறது. 1970-ல் வந்த மினிமூக்கில் சவுண்டைச் சேமித்து வைக்க வழியே கிடையாது. ஆனால் முகப்பு முழுக்கக் குமிழ்கள், இடமிருந்து வலமாக ஓசை எப்படிப் போகிறதோ அந்த வரிசையிலேயே இருக்கும். 1983-ல் யமஹா டிஎக்ஸ்7 வந்தது, ஜான் சவ்னிங் ஸ்டான்ஃபோர்டில் கண்டுபிடித்த எஃப்எம் முறையில் (ஒரு அலையால் இன்னொரு அலையின் அதிர்வெண்ணை ஆட்டி ஓசை செய்வது), ஒரே நேரத்தில் 16 ஸ்வரம், அந்தக் காலத்துக்கு அசுர பலம். ஆனால் முகப்பில் தட்டையான பட்டன்களும் மதிப்பை மாற்ற ஒரே ஒரு ஸ்லைடரும்தான். விளைவு, உள்ளே இருந்த 32 சவுண்டில் சிலவற்றையே உலகம் பூராவும் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், புதிதாகச் செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இந்தப் பக்கம் ரோலண்டின் டிபி-303-ஐப் பாருங்கள். ஒரே ஆஸிலேட்டர், ஓசையை மாற்ற மேல் வரிசையில் ஆறே குமிழ், 1984-லேயே விற்காமல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பிறகு பழைய பொருளாக மலிவாகக் கிடைத்ததை எடுத்து, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபில்டர் குமிழைத் திருகித் திருகி, சிகாகோ இளைஞர்கள் ஆசிட் ஹவுஸ் என்று ஒரு இசை வகையையே உண்டாக்கிவிட்டார்கள். 303-ல் நூறு ப்ரீசெட் வைத்து குமிழ்களை உள்ளே ஒளித்திருந்தால் இது நடந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

சரி, இப்போது கிடைக்கிற சின்னக் கருவிகளுக்கு வருவோம். 2013-ல் கோர்க் கொண்டுவந்த வோல்கா வரிசைதான் இந்தச் சந்தையைத் திறந்துவிட்டது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும், உள்ளேயே ஒரு குட்டி ஸ்பீக்கர், ஸ்வர வரிசையைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டுகிற ஒரு சீக்வென்சர். அந்த வரிசையில் வோல்கா கீஸ் ஒரே நேரத்தில் மூன்று ஸ்வரம் வாசிக்கும், முகப்பில் எல்லாக் குமிழும் வெளியே. கற்றுக்கொள்ள நல்ல பெட்டி, ஒரு விஷயம் தெரிந்து வாங்க வேண்டும்: வாசித்த ஸ்வர வரிசையை அது நினைவில் வைக்கும், குமிழ்கள் எங்கே நின்றன என்பதை வைக்காது. நேற்று செய்த அருமையான சவுண்ட் இன்று வேண்டுமென்றால் ஃபோனில் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். சிலருக்கு இது பெரிய தலைவலி. எனக்கு அது கற்பதற்கு உதவுகிற குறையாகத்தான் தெரிகிறது, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து செய்வதால்தான் கை பழகுகிறது. ஆனால் மேடையில் வாசிக்கப் போகிறவர் இந்தப் பேச்சை நம்பி வாங்க வேண்டாம், அவருக்குச் சேமிப்பு கட்டாயம் வேண்டும்.

அதே கோர்க்கின் மோனோலாக் ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்தான். ஆனால் சேமிக்கும் வசதி உண்டு, பேட்டரியிலும் ஓடும், முக்கியமாக அதன் சின்னத் திரையில் அலையின் வடிவம் அப்படியே தெரியும். ஃபில்டரைக் குறைக்கக் குறைக்க ரம்பத்தின் பற்கள் தேய்ந்து வளைவாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், பத்துப் பக்கம் படித்தாலும் புரியாதது அதில் ஒரு நிமிடத்தில் புரியும். மைக்ரோ ட்யூனிங்கும் உண்டு, அதாவது பியானோவின் 12 சம இடைவெளியை விட்டு வேறு ஸ்ருதி அமைப்பில் வாசிக்கலாம். கமகம் போல ஸ்வரத்தை வளைக்க ஆசைப்படுகிறவர்கள் இதோடு பிட்ச் பெண்ட் எந்த வடிவில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வோல்கா கீஸ் மாதிரிப் பெட்டிகளில் அதற்கென்று சக்கரமோ லீவரோ எதுவும் இல்லை.

2019-ல் வந்த ஆர்ட்டூரியா மைக்ரோஃப்ரீக் வேறு சுபாவம். ஆஸிலேட்டர் டிஜிட்டல், ஃபில்டர் அனலாக், கட்டைகள் அசையவே அசையாது, தொட்டால் போதும், விரல் எவ்வளவு அழுந்துகிறது என்பதைக்கூட உணரும். விசித்திரமான ஓசை தேடுகிறவர்களுக்கு இந்த அளவில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. பியானோ கட்டை பழகிய விரலுக்கு அது ஒட்டவே ஒட்டாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1982-ல் வந்த எஸ்எச்-101-ஐ அடிப்படையாக வைத்து ரோலண்ட் செய்திருக்கும் எஸ்-1 நாலு ஸ்வரம் வாசிக்கும், உள்ளேயே சார்ஜ் ஏறும் பேட்டரி, ஒரே யுஎஸ்பி ஒயரில் ஆடியோவும் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்குப் பிரமாதம். குறை என்னவென்றால் குமிழ்கள் பொடிப்பொடியாக இருக்கும், பாதி வேலைகள் ஷிஃப்ட் பட்டனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். யமஹாவின் ரீஃபேஸ் வரிசை 2015-ல் வந்தது, 37 சின்னக் கட்டைகள், உள்ளே ஸ்பீக்கர். அதில் சிஎஸ் மாடல் எட்டு ஸ்வரம் வாசிக்கும், ஸ்லைடர்கள் எல்லாம் வெளியே இருக்கிற, புதியவருக்கு ஏற்ற கருவி, ஆனால் அதிலும் சவுண்டைக் கருவிக்குள்ளேயே சேமிக்க முடியாது. இதெல்லாமே அதிகம் என்றால் கோர்க்கின் என்டிஎஸ்-1 இருக்கிறது, நாமே திருகு போட்டுப் பொருத்திக்கொள்கிற கிட், சால்டரிங் வேண்டாம். பிள்ளைகளுடன் சேர்ந்து செய்ய நன்றாக இருக்கும், ஆனால் குமிழ் குறைவு, அதனால் என் கணக்கில் அது இரண்டாவது கருவிதான்.

இனி அந்த அனலாக் விஷயம். அனலாக் ஃபில்டரை நன்றாகத் திருகும்போது வருகிற இனிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்றைய டிஜிட்டல் கருவி பாட்டின் நடுவில் ஒலிக்கும்போது எது எது என்று காதால் பிரித்துச் சொல்வது கடினம், அதையே முதல் தகுதியாக வைத்து மற்றதை விட்டுக்கொடுப்பது வீண். அனலாக்கில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி சர்க்யூட் வேண்டும், அதனால் விலை ஏறாமல் இருக்க ஸ்வர எண்ணிக்கையைக் குறைத்துவிடுவார்கள். அல்லது இன்னொரு தந்திரம் செய்வார்கள்: மூன்று ஆஸிலேட்டர், ஆனால் எல்லாமே ஒரே ஃபில்டர் வழியாக வெளியே வரும். இதைப் பாராஃபோனிக் என்கிறார்கள். வோல்கா கீஸ் இப்படித்தான், மைக்ரோஃப்ரீக்கின் நாலு ஸ்வரமும் அப்படித்தான். கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் வாசிப்பது) பிடித்தால் கேட்கும், ஆனால் ஒரு ஸ்வரம் அடங்கிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றைத் தொட்டால் ஃபில்டர் எல்லாவற்றுக்கும் சேர்ந்தே நகரும். பியானோ மாதிரி ஒவ்வொரு விரலும் தனித்தனியாகப் பேச வேண்டும் என்பவர் பெட்டியில் போட்டிருக்கிற எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

உங்கள் குறிப்பு தொடாமலே விட்ட இடம் ஒன்று உண்டு, பலருடைய காசு போவதும் அங்கேதான். இணைப்பு. மிடி என்பது 1983-ல் வந்த பொது மொழி, எந்தக் கம்பெனி கருவியும் எந்தக் கம்பெனி கருவியோடும் பேசலாம், 40 வருஷம் தாண்டியும் வேலை செய்கிறது, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் கதை வேறு. பழைய ஐந்து முள் ஓட்டை இருக்கிறதா, ஹெட்ஃபோன் பின் மாதிரியான 3.5 மில்லிமீட்டர் ஓட்டை இருக்கிறதா, யுஎஸ்பி மட்டும்தானா என்று பார்க்க வேண்டும். 3.5 மில்லிமீட்டர் என்றால் அதிலும் ஏ வகை, பி வகை என்று இரண்டு உண்டு, ஒயர் பொருந்தும், உள்ளே கம்பி இடம் மாறியிருப்பதால் ஒரு ஸ்வரமும் போகாது. 2018-ல் ஏ வகைதான் பொது என்று முடிவானது, அதற்கு முன் வந்த கருவிகளில் சில பி வகை. பழையது வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய பள்ளம் யுஎஸ்பி. ஏற்கெனவே வீட்டில் கம்ப்யூட்டருக்காக வாங்கிய மிடி கீபோர்டு இருக்கிறது, அதனால் கட்டை இல்லாத சின்ன சிந்தசைசர் போதும், இரண்டையும் ஒயரில் இணைத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கீபோர்டில் யுஎஸ்பி மட்டும்தான் இருக்கிறது என்றால் நேராக இணைக்க முடியாது. யுஎஸ்பியில் ஒரு பக்கம் ஹோஸ்ட், அதாவது இணைப்பை நடத்துகிற கருவி, இருந்தாக வேண்டும், கம்ப்யூட்டர் அந்த வேலையைச் செய்கிறது, கீபோர்டும் சிந்தசைசரும் பெரும்பாலும் அதைச் செய்யாது. நடுவில் யுஎஸ்பி மிடி ஹோஸ்ட் என்று ஒரு பெட்டி தனியாக வாங்க வேண்டும், அதன் விலையையும் சேர்த்தால் கட்டையோடு வருகிற மாடலையே வாங்கியிருக்கலாமே என்று தோன்றும். வோல்கா மாதிரிச் சின்னக் கருவிகள் பலவற்றில் இன்னொன்றும் உண்டு: ஐந்து முள் ஓட்டை வழியாக மிடி உள்ளே வரும், வெளியே போகாது. அதற்கு ஈடாக சிங்க் ஓட்டை இருக்கும், இரண்டு பெட்டியையும் சாதாரண ஆடியோ ஒயரில் இணைத்தால் ஒரே தாளத்தில் ஓடும். டீனேஜ் எஞ்சினியரிங் கம்பெனியின் பாக்கெட் ஆபரேட்டர் என்கிற குட்டிக் கருவிகளும் இந்த வழியில் வோல்காவோடு கைகோர்த்துக்கொள்ளும்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கே தப்பினால் கருவியே போய்விடும். சின்னக் கருவிகளில் பல அடாப்டர் இல்லாமலே பெட்டியில் வரும். வோல்காவுக்கு வேண்டியது 9 வோல்ட், நடு முனை பாசிட்டிவ். கிட்டார் பெடல்களுக்கு வருகிற 9 வோல்ட் அடாப்டர் பெரும்பாலும் நடு முனை நெகட்டிவ். வோல்ட் ஒன்றுதானே என்று எடுத்துச் செருகக் கூடாது, கருவியின் மேல் அச்சிட்டிருக்கிற குறியைப் பார்த்துத்தான் செருக வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து யுஎஸ்பியில் மின்சாரமும் எடுத்து, ஆடியோவையும் தனி ஒயரில் அதே கம்ப்யூட்டருக்கு அனுப்பினால் சில நேரம் கீச்சென்று ஒரு இரைச்சல் பின்னாலேயே ஓடும். கருவி பழுது என்று நினைத்து விற்றவர்கள் இருக்கிறார்கள். அது கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு ஒயரின் எர்த் இணைப்பும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடுவது, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், இரைச்சல் மறைந்தால் சந்தேகம் தீர்ந்தது.

உள்ளே ஸ்பீக்கர் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த அளவு ஸ்பீக்கரிலிருந்து கீழ் ஸ்வரங்கள் வெளியே வராது. வாங்குவதற்கு முன் சொந்த ஹெட்ஃபோனைக் கொண்டுபோய்க் கேட்பதுதான் சரி.

பழையது வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாம், குமிழ் நிறைந்த கருவியை நம் கைக்கு எட்டும் விலையில் கொண்டுவருவதே பழைய சந்தைதான். ஒவ்வொரு குமிழையும் மெதுவாக இந்த முனையிலிருந்து அந்த முனைவரை திருப்பிக் கேளுங்கள், கரகரவென்றாலோ மதிப்பு குதித்தாலோ குமிழுக்கு அடியில் மதிப்பை மாற்றுகிற பொட்டென்ஷியோமீட்டர் என்கிற பாகம் தேய்ந்திருக்கிறது. பேட்டரி மூடியைத் திறந்து பச்சையும் வெள்ளையுமாக ஏதாவது பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டைகளை ஒன்று விடாமல் அழுத்துங்கள். இதற்கெல்லாம் நேரம் தராமல் அவசரப்படுத்துகிறவரிடம் வாங்க வேண்டாம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, கம்ப்யூட்டரிலேயே இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஒரு வாசகர் கேட்டால் அவர் சொல்வது உண்மைதான். சர்ஜ் எக்ஸ்டி என்கிற மென்பொருள் முழுக்க இலவசம், திறந்த மூலம், இந்தச் சின்னப் பெட்டிகள் எதுவும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. வைட்டல் என்கிற இன்னொரு மென்பொருளுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. ஏராளமான சவுண்ட் வேண்டும், பாட்டை முடித்து வெளியிட வேண்டும் என்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன், காசு மிச்சம். பெட்டியை வாங்குவதற்கு ஒரே காரணம் கை. இரண்டு குமிழை இரண்டு கையால் ஒரே நேரத்தில் திருப்புவது மவுஸில் வராது. கம்ப்யூட்டரைத் திறந்தால் மெயில் பார்க்கவே நேரம் போய்விடுகிறது என்பது என் தனிக் காரணம், அது எல்லோருக்கும் பொருந்தாது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு பட்டியல் போடும்போது, ப்ரீசெட் எண்ணிக்கைக்குக் கொடுத்த கட்டத்தை எடுத்துவிட்டு, முகப்பில் எத்தனை குமிழ், சவுண்டைச் சேமிக்க முடியுமா, ஸ்வரங்களுக்குத் தனித்தனி ஃபில்டரா ஒரே ஃபில்டரா, மிடி எந்த ஓட்டையில், உள்ளே மட்டுமா வெளியேயும் போகுமா, அடாப்டர் கூடவே வருகிறதா என்பதைப் போடுங்கள். விலைக்குப் பக்கத்தில், வாசிக்க ஆரம்பிக்க இன்னும் என்னென்ன வாங்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தால் இன்னும் நல்லது. ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள் என்று யாராவது உங்களுக்கு எழுதினால், என் பங்குக்கு மோனோலாக்கைச் சொல்கிறேன், பழையதாகக் கிடைத்தாலும் பரவாயில்லை. கார்டு வாசித்தே தீர வேண்டும் என்பவர் மட்டும் அதை விட்டுவிட்டு ரீஃபேஸ் சிஎஸ் பக்கம் போகலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்